தாரணியின் பாட்டு வெளிவந்த வாரம்

எங்கள் பிளானோ வீட்டுச் சமையல் மேடையில் அன்று சாயங்காலம் அரிசி ஊறப்போட இடமில்லை. மேடை முழுக்கப் போன்கள். திரை விரிசல் விட்ட போன்கள், சார்ஜரை விட்டு எடுத்தால் உயிரை விடும் போன்கள், மகள் காலேஜுக்குப் போகும்போது வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன ஒரு டேப்லெட். ஒவ்வொன்றிலும் ஒரு இயர்போன் சொருகியிருந்தது. ஒயர்கள் இடியாப்பம் பிழிந்து போட்டதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

என் கணவர் பாலு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இங்கிலாந்தில் வெள்ளிக்கிழமை பிறக்கும்போது டெக்சாஸில் வியாழக்கிழமை மாலை ஆறு மணி. அந்த நிமிஷம்தான் பாட்டு வெளியாகிறது.

"வசு, வைஃபையை யாரும் யூஸ் பண்ண வேண்டாம்னு சொல்லிடு," என்றார்.

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். யாரிடம் சொல்வது என்று நான் கேட்கவில்லை. அரிசிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

"ஆறாச்சு. கோ லைவ்," என்றார்.

வரிசையாக ஒவ்வொரு போனையும் தட்டிக்கொண்டே போனார். எல்லாத் திரையிலும் ஒரே படம் வந்தது. ஒரு செங்கல் சுவர், அதன் முன்னால் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும் நாலு பேர். இடது ஓரத்தில் நிற்பவள் என் அக்கா மகள் தாரணி. எல்லாப் போன்களிலும் பாட்டு ஓட ஆரம்பித்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிரிட்டிஷ் ராக் இசை உலகத்தில் எங்கள் குடும்பம் இப்படித்தான் காலடி எடுத்து வைத்தது.

பெயர் சொல்ல மாட்டேன்

பாலுவைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே நிறையப் புலம்பியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: பிளானோவின் லெகஸி பகுதியில் ஒரு பெரிய கம்பெனியில் ஆர்க்கிடெக்ட். கட்டடம் கட்டுகிறவர் இல்லை, சாஃப்ட்வேர். பிறந்தநாள் கேக் வெட்டுவதற்கும் திட்டம் போட்டுத்தான் வெட்டுவார்.

தாரணி பாடும் இசைக்குழுவின், அந்த பாண்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் தாரணி கோபித்துக்கொள்வாள். பாட்டின் பெயரும் கிடையாது. இங்கே மளிகைக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது மேலே ஸ்பீக்கரில் ஓடுகிறது, டோல்வே நெடுஞ்சாலையில் பக்கத்துக் காரில் ஓடுகிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். கோபிச்செட்டிபாளையத்துப் பேத்தி அவள்.

அக்காவும் மாமாவும் கோயம்புத்தூரில் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கிலாந்து போனவர்கள். பர்மிங்ஹாமில் வீடு. தாரணி ஒரே பெண். அவளும் டாக்டராவாள் என்பதை யாரும் முடிவு செய்யவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. மெடிக்கல் காலேஜில் மூன்றாவது வருஷம் முடித்துவிட்டு, ஸ்கூல் சிநேகிதர்களோடு சேர்ந்து பாடப்போவதாகச் சொன்னாள்.

"ராக்கா?" என்றேன்.

"ஆல்டர்னேட்டிவ் ராக், சித்தி."

"அப்படின்னா?"

கொஞ்சம் யோசித்தாள். "மெயின் ரோட்ல போகாம சந்துல பூந்து போற மாதிரி."

எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்குத்தான் புரியவில்லை.

அந்தக் கோடையில் நான் அங்கே போயிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் நானும் இருந்ததால்தான் இதை எழுத முடிகிறது. அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், நோயாளியிடம் ரிப்போர்ட்டைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"போ. ஒரு வருஷம் தர்றேன். ஒரே ஒரு பாட்டாவது ஓடட்டும். ஓடினதுக்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறு. இல்லையா, படிப்புக்குத் திரும்பிட்டேன்னு சொல்லிட்டு ஏறு."

தாரணி ரசம் சாதத்தை முழுசாகச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாள் காலையில் அதே ஊரின் இன்னொரு மூலையில், பாண்டு ஆட்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு வரவே இல்லை. பொங்கலுக்கு வரவில்லை, அவள் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனாள்.

"நீ சொன்னதை வாபஸ் வாங்கிடு, அக்கா," என்று போனில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"நான் எதுக்கு வாங்கணும்? அவ வரட்டும்."

தாரணியிடம் சொன்னால், "அம்மா கூப்பிடட்டும்," என்பாள்.

எங்கள் வீட்டில் நகை, நிலம் எதுவும் பெண் வழியாக இறங்கியதில்லை. பிடிவாதம் மட்டும் குறையில்லாமல் இறங்கியிருக்கிறது.

ஆகவே, எனக்கு ராக் பிடிக்குமா என்பது கேள்வியே இல்லை. வருஷம் முடிவதற்குள் பாட்டு ஓடினால் பெண் வீட்டுக்கு வருவாள். ஓடாவிட்டால் இரண்டு பேரும் இப்படியே இருந்துவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. பாலு எதிர்க்காமல் போன்களைத் தேடி எடுத்ததும் அதனால்தான். அவருக்குத் தாரணி என்றால் உயிர்.

சட்னி பிரமாதம்

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விசாரித்துப் பார்த்தேன், அவர்கள் குடும்பத்திலும் உண்டாம். யாராவது எதையாவது ஆரம்பித்தால், உலகம் முழுக்க இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உடனே 'சப்போர்ட்' பண்ணிவிட வேண்டும்.

அதற்கென்றே ஒரு வாட்ஸ்ஆப் குரூப் இருக்கிறது. நியூஜெர்சி பார்சிப்பனியில் இருக்கும் என் தம்பி செந்தில்தான் அட்மின். கலிபோர்னியா குபெர்டினோவில் இருக்கும் பெரியப்பா மகன் கதிர் டெக்னிக்கல் துறை. சித்தப்பா, பெரியப்பா, மாமா வழியில் வந்த மற்ற எல்லாரும் தொண்டர்கள். அழகான குழந்தைப் போட்டி என்று ஒரு லிங்க் வந்தால், குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன்பே ஓட்டு விழுந்துவிடும். யாருடைய மகளாவது அரங்கேற்றம் செய்தால், சலங்கை ஒலிக்கும் முன்பே வீடியோவுக்கு லைக் போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் பாலுவின் நண்பர் ஒருவர் இங்கே பிளானோவில் டிபன் கடை ஆரம்பித்தார். இண்டியன் ஸ்டோருக்குப் பக்கத்துக் கடை. செந்தில் பார்சிப்பனியில் இருந்தபடியே அஞ்சு ஸ்டார் போட்டு, 'சட்னி பிரமாதம், சர்வீஸ் அருமை, குடும்பத்துடன் சென்றோம்' என்று எழுதிவிட்டான். அன்றைக்கே அந்த நண்பர் பாலுவைக் கூப்பிட்டார்.

"பாலு சார், உங்க மச்சானுக்கு ரொம்ப தேங்க்ஸ். ஆனா எங்களுக்கு இன்னும் கேஸ் கனெக்‌ஷனே வரலைங்க."

செந்திலிடம் சொன்னபோது அவன் அசரவில்லை. "வந்ததுக்கப்புறம் பிரமாதமாத்தானே இருக்கப்போகுது, வசுக்கா," என்றான்.

அவன் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவனுக்கு அது பொய் இல்லை, அன்பு. சொந்தக்காரன் கடை என்றால் சட்னி பிரமாதம்தான், அதில் சாப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

அந்த ஆதரவுக் குரூப்பில் அக்கா மட்டும் கிடையாது. ஆரம்பத்தில் சேர்த்தார்கள். யாரோ எழுதிய கவிதைக்கு எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, "நான் இன்னும் படிக்கலை, படிச்சிட்டுச் சொல்றேன்," என்று எழுதினாள். இரண்டு நாள் கழித்து, படித்தேன், மூன்றாவது பத்தி சரியில்லை என்றும் எழுதினாள். செந்தில் அவளைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டான்.

சூரியன் பின்னாலேயே

தாரணியின் பாட்டு வெளியாகும் தேதி தெரிந்ததும் குரூப் விழித்துக்கொண்டது. முதல் சனி ஞாயிறுதான் முக்கியம், அதற்குள் நிறையப் பேர் கேட்டால்தான் பாட்டு ஓட்டும் ஆப் மற்றவர்களுக்கும் காட்டும் என்று கதிர் விளக்கினான். ரெகார்டு கம்பெனியும் இந்த ஒரு பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் பாண்டை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும். இதைத் தாரணியே என்னிடம் சொல்லியிருந்தாள்.

பாட்டு வெளியாவதற்கு முந்தின சனிக்கிழமை காலை பாலு காபியோடு உட்கார்ந்து திட்டம் போட்டார். ஐடி வேலையில் 'ஃபாலோ த சன்' என்று ஒன்று உண்டு. ஒரு ஊர்க்காரர்கள் தூங்கப் போகும்போது, அடுத்து எங்கே பகலோ அங்கே இருப்பவர்கள் வேலையை எடுத்துக்கொள்வார்கள். அதே முறைதான். பார்சிப்பனி தூங்கினால் பிளானோ, பிளானோ தூங்கினால் குபெர்டினோ, அதற்குப் பிறகு கோயம்புத்தூர். பாட்டு ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது.

"வால்யூமை மியூட் பண்ணிடாதீங்க, மியூட்ல இருந்தா ஆப்காரன் கண்டுபுடிச்சிருவான்," என்று கதிர் எச்சரித்தான். அதற்குத்தான் இயர்போன். சத்தம் வேண்டும், ஆனால் யாருக்கும் கேட்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கதிர் இன்னொரு கண்டுபிடிப்போடு வந்தான். "பாலு மாமா, முழுப் பாட்டையும் ஓட்டறது வேஸ்ட். அரை நிமிஷம் தாண்டினா ஒரு பிளேன்னு எண்ணிக்கறான். அரை நிமிஷத்துல கட் பண்ணித் திரும்ப மொதல்லேர்ந்து போட ஸ்கிரிப்ட் எழுதிட்டேன். அனுப்பறேன்."

பாலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலையில் பெரிய அவார்டு வாங்கிய அன்றுகூட அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம் இல்லை. கதிர் தன் கராஜில் பழைய லேப்டாப்களை அடுக்கி வைத்துப் போட்டோ அனுப்பினான். செந்தில் தன் அபார்ட்மெண்ட் ஆட்களின் போன்களையும் வாங்கிவிட்டான்.

சனிக்கிழமை காலையில் பாட்டின் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. குரூப்பில் பூக்கள், பட்டாசுகள், 'பெருமை' என்று எழுதிய படங்கள். ஒரு பெரியம்மா, 'கண்ணு, உன் குரல் தேன்' என்று எழுதியிருந்தார்.

நானும் கேட்க வேண்டுமென்றுதான் இருந்தேன். சனிக்கிழமை வேலையெல்லாம் முடித்து, ஒரு காபி போட்டுக்கொண்டு, நிதானமாகக் கேட்கலாம் என்று. ஆனால் என் போனும் மேடையில் மற்றவற்றோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. எடுக்கப் போனபோது பாலு, "இப்ப எடுக்காதே வசு, டிஸ்டர்ப் ஆயிடும்," என்றார். சரி, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று ஊர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு இல்லை. ஆப்பில் அதன் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தட்டினால் ஒன்றும் ஓடவில்லை. பாலு ரௌட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் தாரணி கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"சித்தி, எங்க பாட்டை எடுத்துட்டாங்க. யாரோ பாட் வெச்சு, மனுஷங்க கேக்காம மெஷினை விட்டு ஓட்டியிருக்காங்க. நாங்க காசு குடுத்து பாட் வாங்கினோம்னு நெனைக்கிறாங்க. பாட்டை எல்லா ஆப்புக்கும் அனுப்பற கம்பெனி இருக்கில்ல, அவங்க எல்லா எடத்துலேர்ந்தும் எடுத்துட்டாங்க. ரெகார்டு கம்பெனி எங்களையே விட்டுடும் போல இருக்கு. எங்க டிரம்மர் டாம் காலைலேர்ந்து பேசவே மாட்டேங்கறான்."

"யாரு பண்ணினதுன்னு தெரியுமா, கண்ணு?"

"ரிப்போர்ட் வந்திருக்கு. முக்கால்வாசி மூணே ஊர்லேர்ந்து. இரு, படிக்கிறேன். பார்சிப்பனி. பிளானோ. குபெர்டினோ."

அந்த ஊர்ப் பெயர்களை இன்னொரு தடவை மெதுவாகப் படித்தாள்.

"சித்தி?"

"சொல்லு, கண்ணு."

"பிளானோல எங்களுக்கு யாரு ஃபேன்ஸ்?"

நான் பாலுவைப் பார்த்தேன். அவர் ஒரு துணியை வைத்துக்கொண்டு போன் திரைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா இருக்காரு," என்றேன்.

இங்கே ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நல்ல மனசுள்ள வாசகர்கள் தவிப்பார்கள். அந்தப் பாட்டு அடுத்த வாரம் திரும்பி வந்தது. இங்கிலாந்தில் ஒரு ரேடியோக்காரர் காலை நிகழ்ச்சியில் அதைப் போட்டார். வேலைக்குப் போகிறவர்கள் கேட்டார்கள், அது யார் பாட்டு என்று ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள், மெதுவாக ஓட ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது. அதில் எங்கள் குடும்பத்தின் பங்கு பூஜ்யம். சொல்லப்போனால் பூஜ்யத்துக்கும் கீழே.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இது எதுவும் தெரியாது. பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவரப் பாடுபட்டு, அவள் வரவே முடியாதபடி செய்துவிட்டோம் என்றுதான் தெரியும். பாலு அன்று சாப்பிடவில்லை. போன்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு மூடினார்.

விசாரணை

பாண்டின் மேனேஜர் பெயர் கிளேர். நல்ல பெண்மணி. இது காசு கொடுத்து வாங்கிய போலிக் கூட்டம் இல்லை, உண்மையான மனிதர்கள்தான் என்று காட்ட முடிந்தால் பாட்டைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். செவ்வாய்க்கிழமை ஒரு வீடியோ கால் வைத்தார். அவர்களுக்குச் சாயங்காலம் ஆகப்போகிற நேரம், எங்களுக்குக் காலை, கதிருக்கு விடிந்தும் விடியாத பொழுது.

செந்தில் வழக்கம்போல அந்த லிங்க்கைக் குடும்பத்தின் பெரிய குரூப்பில் போட்டுவிட்டான். கல்யாணம், சீமந்தம், இழவு என்று எல்லாச் செய்தியும் போகிற குரூப் அது. யாரெல்லாமோ சேர்ந்தார்கள். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். காலர் வைத்த சட்டையோடு செந்தில், ஸ்வெட்டரோடு கதிர், ஒருவர் சீலிங் ஃபேனை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். தாரணி ஒரு கட்டத்தில், ஈரத் தலையோடு டாம் ஒரு கட்டத்தில். முகம் தெரியாமல், பெயரின் முதலெழுத்து மட்டும் தெரிந்த கட்டங்களும் கீழே நிறைய இருந்தன.

பாலு ஸ்லைடு தயாரித்து வைத்திருந்தார். அவர் கம்பெனியில் ஏதாவது சிஸ்டம் படுத்துவிட்டால் இப்படித்தான் செய்வார்கள். முதல் ஸ்லைடு, என்ன நடந்தது. இரண்டாவது, ஏன் நடந்தது. மூன்றாவது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்யப்போகிறோம். ரொம்ப மரியாதையான ஆங்கிலத்தில் வாசித்தார். கராஜ் படம் வந்தபோது டாம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். தாரணி சிரிக்கவில்லை.

கிளேர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டீயை ஒரு வாய் குடித்தார்.

"நல்லது," என்றார் ஆங்கிலத்தில். "நீங்கள் எல்லாரும் குடும்பம். எல்லாரும் இந்தப் பாட்டின் ரசிகர்கள். அப்படித்தானே?"

எல்லாத் தலைகளும் ஆடின.

"அப்படியானால் இதைச் சுலபமாக முடித்துவிடலாம். ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்கள். பாட்டில் உங்களுக்குப் பிடித்த இடம் எது? நான் பதிவு செய்து அவர்களுக்கு அனுப்புகிறேன். நிஜமாகக் கேட்டவர்கள் சொன்னால் தெரிந்துவிடும்."

சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

செந்தில்தான் முதலில் மியூட்டை எடுத்தான். "வெரி எனர்ஜெட்டிக்," என்றான். "ஃபுல் எனர்ஜி."

"பீட் நல்லா இருக்கு," என்றான் கதிர்.

பாலு தொண்டையைச் செருமிக்கொண்டார். "லிரிக்ஸ். வெரி மீனிங்ஃபுல் லிரிக்ஸ்."

"எந்த லிரிக்ஸ், சித்தப்பா?" என்று தாரணி கேட்டாள்.

பாலு ஸ்லைடை முன்னும் பின்னும் நகர்த்தினார்.

"முதல் அரை நிமிஷம் வெறும் கிட்டார்தான்," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, மெல்லத்தான் சொன்னாள். "என் குரல் அதுக்கப்புறம்தான் வரும். ரிப்போர்ட்ல கிட்டத்தட்ட எல்லாமே அரை நிமிஷத்துல நின்னுருக்கு. அத்தனை ஆயிரம் தடவை போட்டிருக்கீங்க. நான் பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்தியிருக்கீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். மேஜைக்கு அடியில் பாலு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சித்தி, நீங்க?" என்றாள் தாரணி.

நான் இல்லை என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

அப்போது கீழே, முகம் தெரியாத கட்டம் ஒன்றில் பச்சை விளக்கு எரிந்தது.

"எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் சொன்னது.

அக்கா.

அவள் வந்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி கார் பார்க்கிங்கில் இருந்து பேசுகிறாள் என்பது பின்னால் கேட்ட வண்டிச் சத்தத்தில் தெரிந்தது. தாரணியின் முகம் அப்படியே நின்றுவிட்டது, நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்து காரில் உட்கார்ந்து கேட்டேன்," என்று அக்கா தொடர்ந்தாள். கிளேருக்குப் புரிய வேண்டுமென்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாக. "பாட்டில் ஒரு பெண் இரட்டை மாடி பஸ்ஸில் மேலே உட்கார்ந்து போகிறாள். பஸ் அவள் வீட்டைத் தாண்டிப் போகிறது. வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிகிறது. அங்கே ஒரு அம்மா, வேலையில் இருந்து வந்த கோட்டைக்கூடக் கழற்றாமல், சிங்க் பக்கத்தில் சும்மா நிற்கிறாள். இந்தப் பெண் பெல்லை அழுத்தக் கையைத் தூக்குகிறாள். அழுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் டிரம்ஸ் நின்றுவிடும். நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது அந்த இடத்தை."

டாம் தலையை நிமிர்த்தினான். கிளேர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அக்கா தமிழுக்கு மாறினாள்.

"தாரணி. அங்க நின்னது நான்தானே?"

"ம்."

"எப்போ?"

"நிறைய தடவை, அம்மா. ரிஹர்சல் முடிச்சுட்டு அந்த பஸ்லதான் வருவேன். வேற பஸ் இருக்கு. அதுல ஏற மாட்டேன்."

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எங்கள் அக்கா அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை, அவள் கட்டத்தில் வெறும் எழுத்துதான் இருந்தது.

"இங்க பாரு," என்றாள். "பாட்டு ஓடுது, ஓடலை, அது வேற. படிப்பு வேற. அதெல்லாம் அப்புறம் சண்டை போட்டுக்கலாம். நான் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். அடுத்த தடவை பெல்லை அழுத்து. இறங்கு."

தாரணியின் கட்டம் கறுப்பாகிவிட்டது. கேமராவை அணைத்துவிட்டாள்.

"வார்டுக்குப் போகணும்," என்று சொல்லிவிட்டு அக்காவும் போய்விட்டாள்.

"எல்லாம் சரிதானே?" என்று கிளேர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. செந்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். பாலுதான் கடைசியில், "யெஸ். வி ஆர் குட்," என்றார்.

மறுநாள் மத்தியானம் நான் ஆபீஸ் பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து டப்பாச் சாப்பாட்டைத் திறந்தபோது அக்காவின் கால் வந்தது. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"வந்துட்டாடி, வசு. பஸ்ஸுலதான் வந்தா. சாப்பிட்டுட்டிருக்கா. அப்புறம் பேசறேன், வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். சந்தோஷத்தில் சாப்பாட்டை மறந்து, டப்பாவை மூடிப் பக்கத்து சீட்டில் வைத்தேன். அந்தப் பாட்டை இப்போதாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டுமென்று போனில் தேடினேன். பெயர் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லா ஆப்பிலும் தேடிப் பார்த்தேன். அன்று அந்தப் பாட்டு உலகத்தில் எங்கேயும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.